கொல்லாத கைக்கு என்ன விலை?

டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலிருந்து ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 1986-ல் கர்ப்ஸ் என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதன் விதிநூலில் குறைகளுக்கென்று நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. பார்வையின்மை, குடிப்பழக்கம், பேராசை, கோழைத்தனம் என்று போகிற அந்தப் பட்டியலில் அகிம்சையும் இடம்பெற்றிருக்கிறது. இவ்வகை ஆட்டத்தில் நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையுலகத்தை விவரித்து ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்லி, அது பலித்ததா என்பதைப் பகடையிடம் விட்டுவிடுவார்கள். கர்ப்ஸில் பாத்திரம் உருவாக்குவது மளிகைக் கடைக் கணக்குப் போன்றது. திறமைக்குப் புள்ளி செலவாகும், குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி வரவாகும். 2004-ல் வந்த நான்காம் பதிப்பின்படி, எந்தக் காரணத்துக்காகவும் அறிவுள்ள இன்னொரு உயிர்மேல் கை ஓங்க மாட்டேன் என்று எழுதிக்கொள்பவருக்கு 30 புள்ளி வரவு. அதே நூலில் கைவேகத்தை ஒரு படி உயர்த்த 20 புள்ளி, உடல் வலிமையை ஒரு படி உயர்த்த 10 புள்ளி. ஆக, அடிக்க மாட்டேன் என்ற உறுதியை விற்று, அடிப்பதற்கு வேண்டிய வேகத்தையும் பலத்தையும் வாங்கிவிடலாம். 50 ஆண்டு கண்ட இந்த ஆட்டவகையில் அகிம்சை எப்படிக் குறைகளின் கணக்கில் ஏறியது, ஏறியது சரிதானா என்பதே இங்கே கேள்வி. சரியில்லை என்பது என் முடிவு. அகிம்சையை நோன்பாகவே பார்க்க வேண்டும். நோன்பு என்பது தன் உடம்பில் தான் காப்பது, அடுத்தவர்மேல் ஏற்ற முடியாதது, எந்த நேரமும் முறிந்துபோகக் கூடியது. அகிம்சையை அப்படி நடத்திய விதிகள் மேசையில் உயிரோடு இருக்கின்றன. சரக்காகவோ காவலாகவோ நடத்தியவை சச்சரவைத்தான் கொண்டுவந்தன.

இந்த ஆட்டவகை போரிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். பிரஷ்ய இராணுவ அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய வேலையைத் தொடர்ந்து, வரைபடமும் பகடையும் நடுவரும் கொண்ட போர் ஆட்ட விதிகளை 1824-ல் வெளியிட்டார். அது படை அதிகாரிகளின் பயிற்சிக்கானது. அத்தகைய ஆட்டத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர் பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913-ல் வந்த அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’, பொம்மைச் சிப்பாய்களையும் விசை வைத்த பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு ஆடும் முறையைச் சொல்கிற சிறு நூல். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் அவர் பேசுவது போருக்கு எதிராக. இந்தச் சின்னப் போரை நாலு முறை ஆடிப் பார்த்தவருக்கு மெய்யான பெரும்போர் எவ்வளவு மடத்தனமான காரியம் என்பது விளங்கிவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே ஐரோப்பா பற்றி எரிந்தது. வெல்ஸும் அந்தப் போரை ஆதரித்து எழுதினார். போரை வெறுத்துக்கொண்டே போரை ஆடிப்பார்க்கிற இந்த இழுபறி, பகடையோடும் நடுவரோடும் சேர்ந்து பின்வந்த ஆட்டங்களுக்கும் இறங்கியது.

1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனையான ஜெர்மன் ஊர். இரு படைத்தலைவர்கள் மட்டும் இருந்தால் மற்ற நண்பர்களுக்கு வேலை இல்லை என்பதால், ஊரின் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். படைகள் ஒழுங்காக மோதுவதற்குள் இந்த ஊர்க்காரர்கள் தனித்தனி மூலைகளில் நின்று சதியும் பேரமும் பேசி ஆட்டத்தையே வேறு திசைக்கு இழுத்துவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போனது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். பின்னர் அவர் நடத்திய ஆட்டங்களில் ஒன்று கலகம் மூண்ட ஒரு கற்பனை லத்தீன் அமெரிக்க நாட்டில் நடந்தது. அதில் டேவ் ஆர்னசனுக்குக் கிடைத்தது அமைதிவழிப் புரட்சிக்காரர் வேடம். துண்டறிக்கை அச்சடித்து மக்களிடம் சேர்த்தால் அவருக்கு வெற்றிப் புள்ளி. ஆடியவர்கள் பின்னாளில் சொல்லக் கேட்டால், ஆர்னசன் தன்னை அமெரிக்க உளவாளி என்று மற்றவர்களை நம்பவைத்து, அரசாங்கக் கஜானாவையே பத்திரப்படுத்தும் பொறுப்பை வாங்கிக்கொண்டு, ஹெலிகாப்டரில் ஏறித் துண்டறிக்கைகளைத் தெருவில் வாரி இறைத்து ஜெயித்திருக்கிறார். பொய் சொன்னார், ஆனால் கை ஓங்கவில்லை. இதே ஆர்னசன்தான் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார். இந்த ஆட்டவகையின் வேரிலேயே ஆயுதம் எடுக்காமல் ஜெயித்த ஒரு வேடம் இருக்கிறது. சண்டைதான் இதன் சாரம் என்று சொல்பவர்கள் அந்த ஹெலிகாப்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலில் வந்தபோது சண்டை அதன் ஒரு பாகம்தான். சான்று வேண்டுபவர்கள் 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலைப் பதிப்பைப் பார்க்கலாம். பாதாளத்தில் ஒரு பூதம் எதிர்ப்பட்டால், அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று நடத்துபவர் இரண்டு பகடைகளை உருட்டிப் பார்ப்பார். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனே பாயும். 12 வந்தால் மனமுவந்து நட்புக் கொள்ளும். இடையில் 6 முதல் 8 வரை வந்தால் அது இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை என்று பொருள். உடனே பாய்வதற்கான வாய்ப்பு 36-ல் 1, நட்புக்கும் அதே 36-ல் 1, தயக்கத்துக்கு 36-ல் 16. எதிரே வந்தது எதிரிதான் என்று அந்த விதி முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. அனுபவப் புள்ளிக் கணக்கு இன்னும் தெளிவானது. பாத்திரம் வளர்வதற்கு அந்தப் புள்ளிகள் வேண்டும். ஓர்க் என்ற சாதாரணப் பூதம் ஒன்றை வென்றால் குழுவுக்கு 10 புள்ளி. வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. 500 காசு கொண்ட ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்தால் 50 ஓர்க்குகளைக் கொன்றதற்குச் சமம். கொல்வது லாபமில்லாத வேலை, உயிருக்கும் ஆபத்து. புத்தியுள்ளவர்கள் பேசினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், சுற்றுவழியில் போனார்கள். அந்த மேசையில் அகிம்சைக்கென்று தனியாக ஒரு குணம் எழுத வேண்டிய தேவையே பெரிதாக இருந்திருக்காது.

அந்தக் கணக்கு பிறகு மாறியது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு, காசுக்குப் புள்ளி என்ற விதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்குத் தள்ளிவிட்டது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியின் பலத்துக்கேற்பப் புள்ளி தரும் அட்டவணையே வளர்ச்சிக்கு முக்கிய வழியானது. தன் பலத்துக்கு ஈடான மோதல்கள் 13-ஐச் சமாளித்தால் ஏறத்தாழ ஒரு நிலை உயரலாம் என்று அளவெடுத்து வைத்தார்கள். வெல்வது என்றால் கொல்வது என்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மோதல் ஒன்று நடந்தால்தான் புள்ளி என்றாகிவிட்ட பிறகு, மோதலைத் தவிர்த்துவிட்டுப் போவதில் என்ன வரவு? எந்தப் பேரேட்டில் எது எண்ணப்படுகிறதோ அதையே மனிதர்கள் செய்வார்கள். மேசையிலும் அதுவே நடந்தது. அகிம்சைப் பாத்திரம் குழுவுக்குச் சுமை என்ற எண்ணம், ஆடுபவர்களின் மனக்கொடுமையால் வேரூன்றியதல்ல. கணக்கு எழுதும் முறை மாறியதால் வேரூன்றியது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கிடையே ஒரு பழைய விதியையும் பார்த்துவிட வேண்டும். 1974 முதல் நெடுங்காலம் அந்த ஆட்டத்தில் மதகுருமார் கூரான ஆயுதம் தொடக்கூடாது என்றிருந்தது. வாள் கூடாது, கதாயுதம் கூடும். 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் பேயோ நகர ஆயர் ஓடோ கையில் தடியோடு நிற்பதாக ‘பேயோ திரைச்சீலை’யில் தைக்கப்பட்டிருக்கிறது. குருமார் இரத்தம் சிந்தக் கூடாது என்பதால் தடியெடுத்தார் என்ற கதை நெடுங்காலம் உலவியது. அது தலைமைக்கு அடையாளமான கோல் என்பதே வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. ஆட்டம் அந்தக் கதையை விதியாக்கிக்கொண்டது. மண்டையை உடைக்கலாம், கழுத்தை அறுக்கக் கூடாது. நோன்பு என்பதை ஆயுதத்தின் வடிவமாகச் சுருக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கட்டுப்பாடு இருக்கிறது, கட்டுப்பாட்டின் காரணம் காணாமல் போய்விட்டது.

அகிம்சையைப் புள்ளிக்கு விற்கும் வழக்கம் 1981-ல் வந்த ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்தில் உருப்பெற்றது. அது சித்திரக்கதைச் சாகசக்காரர்களின் உலகம். அங்கே நாயகர்கள் வில்லனைச் சிறையில் அடைப்பார்களே தவிரக் கொல்வதில்லை. அந்த மரபை ஆட்டத்துக்குள் கொண்டுவர, கொல்லாமை விரதத்தை ஒரு மனத்தடையாக எழுதி, ஏற்றுக்கொள்பவருக்குப் புள்ளி கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். நாயகன் கொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தாளில் எழுதப்பட்டது. கர்ப்ஸ் அதை இன்னும் நுணுக்கமாக்கியது. நான்காம் பதிப்பில் அகிம்சைக்கு 5 தரங்கள் உண்டு: கொல்லத் தயங்குபவர், அப்பாவிகளைத் துன்புறுத்தாதவர், கொல்லாதவர், தற்காப்புக்கு மட்டும் கை ஓங்குபவர், முற்றிலும் கை ஓங்காதவர். திருக்குறள் இன்னா செய்யாமையையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்ததை அறிந்தவர்களுக்கு இந்தத் தரம் பிரித்தலின் அருமை புரியும். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கிவிடாது.

அதில் முதல் தரத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கொல்லத் தயங்குபவர், முகம் தெரிகிற ஒரு மனிதரை உயிர்போக்கும் ஆயுதத்தால் தாக்கினால் அவர் திறமையில் 4 குறையும். முகம் தெரியாவிட்டால் 2 மட்டுமே குறையும். மூன்று பகடைகளை உருட்டி, திறமை எண்ணுக்குள் கூட்டுத்தொகை விழுந்தால் அடி படும் என்பது அடிப்படை விதி. திறமை 12 உள்ள ஒருவரின் அடி நூற்றுக்கு 74 தடவை படும். எதிராளியின் முகம் தெரிந்துவிட்டால் அந்த 12 எட்டாகிவிடும், வாய்ப்பு 26-ஆகச் சரிந்துவிடும். மூடிய தலைக்கவசம் போட்டுக்கொண்டு வருகிறவனைக் குத்த முடிகிறது, அவன் கவசத்தைக் கழற்றினால் கை நடுங்குகிறது. கொன்றே விட்டாலோ, மூன்று பகடைகளில் வரும் எண்ணிக்கையளவு நாட்கள் அந்தப் பாத்திரம் மனமுடைந்து எதற்கும் பயன்படாமல் கிடக்கும். போரைப் பற்றிப் பல நாவல்கள் சொல்லத் திணறியதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. விதி எழுதியவர்கள் மனித மனத்தை அறியாதவர்கள் அல்லர். விதி நன்றாகவே இருக்கிறது, அதற்கு முன்பணம் கொடுக்கிற முறையில்தான் தவறு இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே 5 புள்ளியோ 30 புள்ளியோ கைக்கு வந்துவிடுவதால், பிறகு அந்தக் குணம் சோதிக்கப்படவே கூடாது என்பதில்தான் ஆடுபவருக்கு லாபம். நடத்துபவருக்கோ, கொடுத்த புள்ளிக்கு வட்டி வசூலிக்க வேண்டும் என்று தோன்றும். ஒருவர் ஒளிப்பார், மற்றவர் பொறி வைப்பார். நோன்பு இருவருக்கும் நடுவே வழக்காகிவிடுகிறது.

இரண்டாவது தவறு காவல். கர்ப்ஸின் முழு அகிம்சையிலேயே அதன் விதை இருக்கிறது: மற்றவர்களின் வன்முறையையும் தன்னாலியன்ற வழியில் தடுக்க வேண்டும் என்று அது கேட்கிறது. 2003-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரிசையில் வந்த ‘புக் ஆஃப் எக்ஸால்டட் டீட்ஸ்’ நூலில் அது முற்றி நின்றது. அகிம்சை விரதம் பூண்டவருக்கு 120 அடிக்குள், அவருடைய தோழர் யாராவது ஆதரவற்ற எதிரியைக் கொன்றால் அந்தத் தோழரை வருத்தம் பற்றிக்கொள்ளும், அவருடைய தாக்குதல் எண்ணிலும் 1 குறையும். விரதம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு. அதற்கும் மேலான சாந்தி விரதத்தில் உயிருள்ள எதையும் துன்புறுத்தக் கூடாது, ஆனால் நடமாடும் பிணங்களும் உயிரற்ற இயந்திர உருவங்களும் விலக்கு. 2009-ல் அதே ஆட்டத்தின் நான்காம் பதிப்புக்கு வந்த ‘டிவைன் பவர்’ நூலில் இன்னொரு வகை. அகிம்சை வைத்தியரான குரு கூடுதலாகக் காயம் ஆற்றுவார். ஆனால் பாதி உயிர் போன எதிரியை அடித்தால் தன் அடுத்த முறை முடியும்வரை உறைந்து நிற்பார். முழுப் பலத்தோடு நிற்பவனை அடிக்கலாம், இரத்தம் வழிகிறவனை அடிக்கக் கூடாது. இந்த மூன்று விதிகளிலும் இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அகிம்சையைக் கடைப்பிடிக்கிறவர் என்ன நினைக்கிறார், எதற்கு ஆசைப்படுகிறார், எந்த இடத்தில் உடைவார் என்ற கேள்விக்கு இவற்றில் இடமில்லை. இருப்பது தடையும் தூரமும் தண்டனையும்தான்.

சரியாக நடந்த இடங்களும் உண்டு, அவற்றில் இரண்டு கிரெக் ஸ்டாஃபர்டின் கேயாசியம் நிறுவனத்திலிருந்து வந்தவை. 1979-ல் வெளிவந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ நூலில் சலானா அராய் என்ற வைத்திய தெய்வத்தின் அடியார்கள் வருகிறார்கள். யாரையும் துன்புறுத்துவதில்லை என்பது அவர்களின் சபதம். அதற்கு ஈடாகப் புள்ளி கிடையாது. ஆனால் இறந்தவரை எழுப்பும் மந்திரம் அவர்களிடம் இருக்கிறது. கொலையும் பழியும் மலிந்த அந்த உலகத்தில் அவர்களுக்கென்று ஒரு மரியாதையும் வேலையும் இருக்கின்றன. அகிம்சை அங்கே தனி மனிதக் கிறுக்கு அல்ல, சமூகம் அறிந்த ஒரு நிலை. 1985-ல் வந்த ‘பென்ட்ராகன்’ இன்னும் ஆழமாகப் போனது. ஆர்தர் மன்னரின் வீரர்களுக்கு அதில் 13 குணச் சோடிகள். ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 16 என்றால் கொடுமை 4. எதிரி மண்டியிட்டுக் கெஞ்சும்போது வீரன் என்ன செய்வான் என்பதற்கு 20 பக்கப் பகடை உருட்டப்படும். 16-க்குள் விழுந்தால் உயிர்ப்பிச்சை. தப்பினால் கொடுமைக்கு ஒரு உருட்டு. அதுவும் தப்பினால் ஆடுபவரே முடிவு செய்யலாம். சோதனையில் நின்ற குணம் கதையின் குளிர்காலத்தில் ஒரு எண் வளரவும் கூடும், 16-ஐ எட்டிய குணத்துக்கு ஆண்டுதோறும் புகழ் சேரும். வாளேந்திய வீரனிடம் இரக்கம் இருந்தால் அதுவும் அவனுடைய பெருமை என்று அந்தத் தாள் சொல்கிறது.

நற்குணத்தை ஆட்டத்துக்குள் வைப்பது 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருக்க நம் வீடுகளில் விரித்த பரமபத சோபன படத்தில் புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. 1843-ல் அமெரிக்காவின் சேலம் நகரில் வெளியான ‘மேன்ஷன் ஆஃப் ஹேப்பினஸ்’ பலகையிலும் நற்குணக் கட்டம் முன்னே நகர்த்தியது, தீக்குணக் கட்டம் பின்னே இழுத்தது. ஆனால் அங்கெல்லாம் எந்தக் கட்டத்தில் நிற்போம் என்பதைத் தாயமே சொன்னது. ஆடுபவர் ஏணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பென்ட்ராகனிலும் பகடை உண்டு, ஆனால் அந்த 16 எங்கிருந்து வந்தது? அந்த வீரன் முன்பு எத்தனை பேரை விட்டுவிட்டான் என்பதிலிருந்து வந்தது. 2003 முதல் வளர்ந்த ஃபேட் ஆட்டம் இதை வேறொரு பக்கத்திலிருந்து சரிசெய்தது. அதில் உங்கள் குணம் உங்களைச் சங்கடத்தில் மாட்டும் அந்த நொடியில்தான் உங்களுக்கு ஒரு புள்ளி நீட்டப்படும். ஏற்றுக்கொண்டால் சங்கடமும் புள்ளியும் சேர்ந்து வரும். மறுத்தால் நீங்கள் ஒரு புள்ளி கொடுத்து விலக வேண்டும். முன்பணம் போய், நோன்பு நோகும்போது கூலி என்றாயிற்று. ஒளிப்பதில் இப்போது லாபமில்லை, சோதனையைத் தேடிப்போவதில்தான் லாபம்.

2004-ல் வின்சென்ட் பேக்கர் எழுதிய ‘டாக்ஸ் இன் த வினியார்ட்’ இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, இத்தனைக்கும் அதன் நாயகர்கள் துப்பாக்கி ஏந்திய மதக் காவலர்கள். எந்த மோதலும் பேச்சில் தொடங்கலாம். பேச்சில் தோற்கும் நிலை வந்தால் கை வைக்கலாம், அப்போது புதிய பகடைகள் கிடைக்கும். அதிலும் தோற்றால் ஆயுதம், பிறகு துப்பாக்கி. ஒவ்வொரு படியிலும் பலம் கூடும், கூடவே விழும் காயத்தின் பகடையும் பெரிதாகும். பேச்சுக்கு 4 பக்கப் பகடை, துப்பாக்கிக்கு 10 பக்கப் பகடை. ஒவ்வொரு படியிலும் ஆடுபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த விஷயத்துக்காக நான் இதைச் செய்யவா, இல்லை விட்டுக்கொடுத்துவிடவா? அகிம்சை என்ற சொல் பாத்திரத் தாளில் எங்கும் இல்லாமலே, அகிம்சையின் முழுப் பாரமும் அந்தக் கேள்வியில் இறங்கிவிடுகிறது. துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, எடுத்தால் ஜெயிக்கலாம், எடுக்காமல் தோற்கிறார் என்பதை மேசையிலுள்ள எல்லோரும் எண்ணால் பார்க்கிறார்கள்.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது எளியது: சண்டை போட வந்த நாலு பேரின் மாலைப் பொழுதை ஐந்தாமவரின் கொள்கை கெடுக்கலாமா? கெடுக்கக் கூடாது. தோழர்களைக் கண்டித்துக்கொண்டும் கைதிகளுக்காக ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டும் இருக்கிற பாத்திரம் மேசையைச் சோர்வடையச் செய்வது உண்மை. ஆனால் அந்தத் தொல்லை காவல் வேலையால் வருகிறது. என் கை ஓங்காது என்பவர் தன் கையைப் பற்றி மட்டுமே பேசினால், மற்ற நால்வரின் கைகள் அவரவருடையவை. கூலிப்படையின் கதை மட்டுமே ஆடுவது என்று எல்லோரும் கூடித் தீர்மானித்த மேசையில் இந்த நோன்புக்கு இடமிருக்காது என்பதையும் ஏற்கிறேன். அதை முதல் நாளே சொல்லிவிடுவது நாணயம். இரண்டாவது மறுப்பு, விதியே வேண்டாம், நடித்துவிட்டுப் போகலாமே என்பது. வாளுக்குப் பக்கம் பக்கமாக விதியும், கொல்லாமைக்கு நடிப்பும் என்றால், எண்ணப்படுவது வாள்தான். பொற்காசுக் கணக்கு மாறியபோது மேசை என்னவாயிற்று என்று மேலே பார்த்தோம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தான் கொல்லாமல், கொல்கிறவர்களின் காயத்தை ஆற்றி மறுபடியும் கொல்ல அனுப்புகிறவர் எப்படி அகிம்சாவாதி ஆவார்? இதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டன் 1916-ல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தபோது, மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 16,000-க்கும் மேற்பட்டோர் இதே கேள்வியில் பிரிந்து நின்றார்கள். போருக்கு எந்த வகையிலும் உதவ மாட்டோம் என்றவர்கள் ஒரு பக்கம், போரோடு சேராத பொதுவேலை செய்வோம் என்றவர்கள் இன்னொரு பக்கம், சீருடை அணிந்தாலும் ஆயுதம் தொட மாட்டோம் என்றவர்கள் மூன்றாவது. 30-க்கும் மேற்பட்டவர்களைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை விதித்து, பிறகு சிறைத் தண்டனையாக மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மருத்துவப் படைவீரர் டெஸ்மண்ட் டாஸ் ஆயுதம் ஏந்த மறுத்தே ஒகினாவா மலைமுகட்டில் ஏறினார். காயமுற்ற 75 பேரைக் கயிற்றில் இறக்கிக் காப்பாற்றியதாக அவருடைய பதக்கச் சான்று சொல்கிறது. அவர் காப்பாற்றியவர்கள் போர் வீரர்கள்தான். அவர் அகிம்சை பொய்யா? பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்த முரண் கொள்கையின் ஓட்டை அல்ல, அந்த வாழ்க்கையின் உள்ளடக்கமே அதுதான். ஒரு நல்ல விதி இதைத் தீர்த்துவைக்கக் கூடாது, ஆடுபவரின் கையில் சூடாறாமல் கொடுக்க வேண்டும்.

அந்த 1916 தீர்ப்பாயங்களிலிருந்து ஆட்டம் நடத்துபவர்கள் கற்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. உன் சகோதரியை ஒரு ஜெர்மன் சிப்பாய் தாக்கினால் என்ன செய்வாய் என்று அங்கே மறுபடி மறுபடி கேட்டார்கள். பதில் தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்கப்பட்ட கேள்வி அல்ல அது. எப்படியாவது உடைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டது. அகிம்சைப் பாத்திரத்தின் முன்னால், கொன்றால் மட்டுமே குழந்தை பிழைக்கும் என்ற காட்சியை வாரத்துக்கொரு முறை வைக்கிற நடத்துபவர் அந்தத் தீர்ப்பாயத்தின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். சோதனை வேண்டும், அது இல்லாமல் நோன்பில்லை. ஆனால் பேச்சும் ஒளிவும் பேரமும் தியாகமும் உண்மையாகவே பலிக்கக் கூடிய சோதனையாக அது இருக்க வேண்டும். 36-ல் 16 தடவை தயங்கி நின்ற அந்தப் பழைய பூதங்கள் திரும்பி வர வேண்டும்.

வன்முறையையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பது அண்மைக் கால விடைகளில் ஒன்று. ஜப்பானில் ரியோ காமியா எழுதிய ‘யூயாகே கோயாகே’ ஆட்டத்தில் மனித உருவெடுக்கும் நரியும் பூனையும் முயலும் ஊர் மக்களின் சின்னச் சின்னத் துன்பங்களைத் தீர்க்கின்றன. அங்கே சண்டையே கிடையாது. அழகான ஆட்டம், ஆனால் அதில் அகிம்சை ஒரு குணமாக இருக்க முடியாது. சமைக்காத வீட்டில் விரதம் இருக்க முடியுமா? 2021-ல் ஜே டிராகன் எழுதிய ‘வாண்டர்ஹோம்’ அதை உணர்ந்து எழுதப்பட்டது. போர் முடிந்துபோன ஒரு நாட்டில் விலங்குருவான நாடோடிகள் ஊர் ஊராக நடக்கிறார்கள். பகடை இல்லை, சண்டை விதியும் இல்லை. அவர்களில் ஒருவர் முன்னாள் போர்வீரர், இடுப்பில் வாளோடு வருகிறவர். அதை அவர் எந்த நேரமும் உருவலாம். உருவினால் எதிரில் நிற்பவர் அங்கேயே இறந்துவிடுவார். பகடையும் தப்பிப்பும் அதற்குக் கிடையாது. அதன்பின் அந்தப் போர்வீரரை நீங்கள் மறுபடி ஆட முடியாது.